நார்வே தேசத்துக்குத் துட்டி கேட்ட ரைட்டர்

நார்வே தேசத்துத் தபால்தலைகளை இந்தியாவிலேயே அதிகமாகக் கிழித்துப் போட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு திண்டுக்கல்லுக்குத்தான் வரும். இரண்டாம் பரிசு வாங்க ஆளே இருக்காது. தபால்தலை சேர்க்கும் பழக்கமுள்ள வாசகர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவது உத்தமம். மேற்கொண்டு படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஐம்பதுகளின் பின்பாதியிலிருந்து நான் திண்டுக்கல் தபாலாபீசில் கவுண்டர் கிளார்க். என் ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் ஒருவர் மட்டும் நேராக முன்னால் வந்து நிற்பார். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அவருக்கு ஐந்தடி முன்னாலேயே அவர் வாசனை வந்துவிடும். வரிசை தானாகவே விலகி மூக்கைப் பொத்திக்கொள்ளும். பேகம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது ஆட்டுத்தோலைப் பதம் செய்து கப்பலேற்றும் இடத்தில், அவருக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம். ரைட்டர் என்பார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மாதம் நாலு தடவை என் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது வெறும் சுழி. ஊரில் அவருக்குப் பெயர் துட்டி ரைட்டர். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதைத் துட்டி கேட்பது என்போம். திண்டுக்கல்லில் எந்தச் சந்தில் சங்கு ஊதினாலும் இவர் அங்கே இருப்பார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பாகுபாடு கிடையாது. செத்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு தடவை ஒட்டன்சத்திரத்துக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போனவர், வழியில் ஒரு பாடையைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். கல்யாண வீட்டுக்குச் சாயங்காலம் தலை ஈரத்தோடு போய்ச் சேர்ந்தாராம். மாமியார் பேச்சை விட்டு ஏழு வருஷம்.

கேட்டால் ஒரே பதில்தான்.

"நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிரணும் அப்பு. நாளைக்கு நம்ம வாசல்ல நாலு பேரு நிக்க வேணாமா?"

இவருடைய ஷாப்பின் தோலை வாங்கியது நார்வேயில் கையுறை தைக்கும் ஒரு கம்பெனி. அங்கிருந்து வரும் கடிதத்தை போஸ்ட்மேன் கொண்டுவரும்வரை அவருக்குப் பொறுக்காது. தபால் பை பிரிக்கும் நேரத்துக்கு என் ஜன்னலில் வந்து நின்று கையோடு வாங்கிக்கொள்வார். அப்படி ஒருநாள் வாங்கிய உறையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"அப்பு, இங்க பாரு. மூலையில கருப்பத் தடவியிருக்கான்."

எங்கள் ஊரில் கல்யாணக் கடுதாசிக்கு மூலையில் மஞ்சள் தடவுவோம். எழவுக் கடுதாசிக்குக் கருப்பு. நான் வாங்கிப் பார்த்தேன். தபால்தலையில் தாடி வைத்த பெரியவர் ஒருவர். நெற்றிப் பொட்டில் கச்சிதமாக விழுந்திருந்தது கறுப்பு வட்டம்.

"அண்ணே, இது தபால் முத்திரை. நாங்களும்தான் தினம் குத்துறோம்."

"நீ குத்துறது எங்கிட்டாவது விழுகுது. இது நெத்தியப் பாத்துக் குத்தியிருக்கான். கீழ பாரு, ரெண்டு வருசம் போட்டிருக்கு. பொறந்த வருசம், செத்த வருசம். ரெண்டாவது எது? இந்த வருசம்தான?"

நான் கழித்துப் பார்த்தேன். சரியாக நூறு வந்தது. எனக்கும் குழம்பிவிட்டது. மனிதர் பிறந்து நூறு வருஷம் ஆனதற்கு ஒரு தேசம் தபால்தலை போடும் என்று, தபால்தலை விற்றுப் பிழைத்த எனக்கே அன்று தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உறையைத் தபால்தலையோடு சேர்த்து நாலாகக் கிழித்து, வாசலில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார். எழவுச் சேதியைப் படித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அது சம்பிரதாயம். அந்த நாலு துண்டுதான் முதல் போணி.

அன்றைக்கே பதில் எழுதி என்னிடம் கொண்டுவந்தார். அவர் இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தங்கள் கடுதாசியின் வலது மேல் மூலையில் கண்ட பெரியவர் காலமான சேதி அறிந்து மனம் பதறினோம். நூறு வயது என்றாலும் சாவு சாவுதான். அன்னாருக்கு மரியாதையாக மத்தியானம் வரை எங்கள் கடையை அடைத்திருந்தோம். நிற்க, ஆட்டுத்தோல் அறுபது டஜன் கப்பலேறிவிட்டது."

"அண்ணே, கடையை எப்ப அடைச்சாங்க? இப்பத்தான் உங்க ஷாப்பைத் தாண்டி வந்தேன், ஜரூரா வேலை நடக்குது."

"ஷாப்பு மொதலாளியுது. என் கடை என் மேசைதான? அத அடைச்சிட்டேன். பேனாவைக்கூட தொடல. மத்தியானத்துக்கு மேலதான் இத எழுதுனேன்."

நார்வேக்காரர்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆனால் மரியாதை தெரிந்தவர்கள். கம்பெனியின் முதலாளியே கைப்படக் கையெழுத்திட்டுப் பதில் போட்டார். "நீங்கள் குறிப்பிட்டவர் எங்கள் நாட்டின் பெருமைக்குரிய நாடக எழுத்தாளர். அத்தனை தூரத்தில் நீங்கள் அவரை நினைத்தது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த தடவை தோல் கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும்."

"துட்டி கேட்டா மகிழ்ச்சின்னு எழுதுறாங்களே அண்ணே?"

"நூறு வயசு அப்பு. கல்யாணச் சாவு. கொட்டு மேளத்தோட எடுத்திருப்பாக."

அதோடு எங்கள் இரண்டு பேர் நிம்மதியும் போயிற்று. ஒரு மாதம் எழுத்தாளர், மறுமாதம் மந்திரி என்று நார்வேயில் பெரிய மனிதர்கள் சரியாக நூறாவது வயதில் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். யார் எழுத்தாளர், யார் அரசியல்வாதி என்று கண்டுபிடிக்க ரைட்டர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். தாடி இருந்தால் எழுத்தாளர், மழித்திருந்தால் மந்திரி. எழுதுகிறவனுக்குச் சவரம் பண்ணக் காசு ஏது என்பது அவர் வாதம். அந்த நம்பிக்கையில் ஒரு தாடிக்காரரின் கதைகளைப் புகழ்ந்து எழுதினார். அவர் பிரதம மந்திரியாக இருந்தவர் என்று பதில் வந்தது. மழமழவென்று ஒருவர் வந்ததும் ரைட்டர், "இனி தேசம் யார் கையில்? எங்கள் தோல் பத்திரமாகத் துறைமுகத்தில் இறங்குமா?" என்று கவலையோடு கேட்டார். வந்தவர் கவிஞராம். மீசை மட்டும் வைத்த ஒருவர் எழுத்தாளர், மந்திரி இரண்டுமாக இருந்தவர் என்று தெரிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு துட்டி கேட்டார்.

இதற்கு நடுவில் ஒரே முகம் பச்சை நிறத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக ஒரே உறையில் வந்தது.

"ரெட்டப் பிள்ளைக போல. பாவம், ஒரே நாள்ல போயிருக்காக."

அடுத்த மாதமே அந்தப் பச்சைக்காரர் மறுபடி வந்தார். ரைட்டர் ஆடிப்போய்விட்டார். ஒரு மனிதன் எப்படி இரண்டு தடவை சாவான்? அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான், "இது கருமாதிக் கடுதாசியா இருக்கும்ணே" என்று ஒரு வழி சொன்னேன். "அப்பிடிச் சொல்லு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அவருடைய குழப்பத்தில் எனக்கும் சரிபாதி பங்கு.

உச்சக்கட்டம் ஒரு அம்மாள். கொண்டை போட்டு, லேஸ் குல்லாய் வைத்து, தபால்தலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். ரைட்டர் கழித்துப் பார்த்தார். மறுபடி கழித்தார். என்னிடம் கொடுத்துக் கழிக்கச் சொன்னார். நூற்றைம்பது!

"இம்புட்டு வயசு எப்பிடி அப்பு?"

"குளிர் தேசம்ணே. கெட்டுப் போகாம இருக்கும்போல."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்து, நார்வேயிலிருந்து வரும் மீன் எண்ணெய்தான் காரணம் என்று முடிவு கட்டினார். மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி, தினம் என் ஜன்னல் முன்னால் நின்று ஒரு ஸ்பூன் விழுங்கி, மூச்சு விடாமல் ஒரு சிறுமலைப் பழத்தை உரித்து வாயில் திணித்துக்கொள்வார். தோல் வாசனையோடு மீன் வாசனையும் சேர்ந்ததில், பக்கத்து மணியார்டர் கவுண்டர்காரர் ஒரு வாரம் லீவு போட்டார். நூற்றைம்பதுக்குக் குறி வைத்து இரண்டு ஸ்பூன் குடித்த அன்று ரைட்டருக்கும் லீவு.

குட்டை உடைத்தவர் எங்கள் தபால் இன்ஸ்பெக்டர். அவர் தபால்தலை சேர்ப்பவர். ஆபீசைச் சோதிக்க வந்தவர், குப்பைக்கூடையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாத வேட்டியோடு தரையில் மண்டியிட்டு ஒட்ட வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"மடையா! அது பொறந்து நூறு வருஷம்னு கொண்டாட்டம்டா. அந்தாளுங்க செத்து எத்தனையோ காலமாச்சு!"

அன்று மாலையே ரைட்டரிடம் போட்டு உடைத்தேன்.

"பொறந்து நூறு வருசம். சரி. இப்ப உசுரோட இருக்காகளா?"

"இல்லண்ணே."

"செத்துட்டாகல்ல?"

"ஆமா."

"நான் அதத்தான் விசாரிச்சேன். கொஞ்சம் லேட்டாயிருச்சு, அம்புட்டுத்தான?"

துட்டி தொடர்ந்தது.

ஆனால் வினை வேறு பக்கமாக வந்தது. ஒருநாள் கப்பல் ஏஜெண்டு சென்னையிலிருந்து தோல் ஷாப்பு முதலாளிக்குத் தமிழில் எழுதியிருந்தார். நார்வேக்காரர்கள் இந்த வருஷ ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். திண்டுக்கல்லில் மாதம் ஒரு தடவை கடையை அடைத்துவிடுகிறார்களே, சரக்கு நேரத்துக்கு வருமா என்று சந்தேகமாம்.

முதலாளி ஒரு ராவுத்தர். அதிர்ந்து பேசாதவர், இங்கிலீஷ் தெரியாதவர். ஃபைலை எடுத்துக்கொண்டு, ரைட்டரையும் இழுத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னிடமே வந்துவிட்டார். ஒவ்வொரு கடிதமாக நான் தமிழில் படிக்கப் படிக்க அவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"யா அல்லா! என் ஷாப்ப நான் அடைக்காம எவன்யா அடைச்சது?"

"மொதலாளி, அது என் மேசைய..."

"ரைட்டரே, நாப்பது குடும்பம் இந்தத் தோல நம்பிப் பொழைக்கிது. ஆர்டர் பாதியாச்சுன்னா பாதிப் பேர நான் வீட்டுக்கு அனுப்பணும். இனிமே இந்த ஷாப்புலருந்து ஒரு மவுத்துக் கடுதாசி போச்சுன்னா, மொத ஆளா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

ரைட்டருக்கு மூன்று பெண் குழந்தைகள். வேறு இடமும் இல்லை. துட்டிக் கடுதாசி எழுதியதற்காக நீக்கப்பட்டவன் என்று சொன்னால் யார் வேலை கொடுப்பார்கள்? அவர் வாயைக் கட்டிக்கொண்டார், பேனாவையும் கட்டிக்கொண்டார். அதன் பிறகும் தாடிகள் வந்தன. அவர் உறையைத் திருப்பிப் பிடித்து வாங்குவார். "மன்னிச்சுக்கங்க சாமி, வேலை போயிரும்" என்று தபால்தலையிடம் மெல்லச் சொல்லிவிட்டுக் கிழிப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. மீன் எண்ணெயையும் நிறுத்திவிட்டார். ரொம்ப நாள் இருந்துதான் என்ன பண்ண என்றார்.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. தபால்தலையில் முகமே இல்லை. வெறும் எண்ணும் ஒரு ஊதுகொம்பும். முத்திரைகூட ஓரமாகத்தான் விழுந்திருந்தது. ரைட்டர் நிம்மதியாக வாங்கிப் பிரித்தார். படித்தார். பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பு, நம்மாளு போயிட்டாருப்பா."

"யாருண்ணே?"

"கையெழுத்துப் போடுவாரே, நார்வே மொதலாளி. அவரு மகன் எழுதியிருக்கான். வயசு அறுவத்தொண்ணாம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு குழப்பத்தை நான் எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. "நூறு ஆகலையே அப்பு. அவுக ஊர்ல நூறுக்கு முன்னால சாவாகளா?"

அவர் எழுந்து, கவுண்டரில் கயிறு கட்டி வைத்திருக்கும் ஆபீஸ் பேனாவை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, வேணாம். மூணு புள்ளைங்க. மொதலாளி சொன்னது நெனப்பிருக்கா?"

"ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் கேட்டுட்டு, தெரிஞ்சவனுக்குக் கேக்காம விட்டா நான் மனுசனா?"

கயிறு எட்டிய தூரத்தில் குனிந்து நின்றே எழுதினார். வழக்கமான வாசகம்தான். மத்தியானம் வரை கடையை அடைத்திருந்தோம் என்பது உட்பட. தன் காசில் தபால்தலை வாங்கி ஒட்டினார். பெட்டியில் போட்டுவிட்டு, நேராகத் தோல் ஷாப்புக்கு நடந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செத்த நேரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மணியார்டர்காரரிடம் ஜன்னலை ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

முதலாளி வாசலில் நின்று தோல் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரைட்டர் போய் மேசைச் சாவியை அவர் காலடியில் வைத்தார்.

"மொதலாளி, ஒரு துட்டி எழுதிப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். சாவு சம்பந்தப்பட்ட இடத்தில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது என்பதால், சொல்லாமலே திரும்பி நடந்தார். வேலை போகிற நேரத்திலும் மனிதருக்கு முறை தப்பவில்லை.

"நில்லுங்க. இப்ப எந்தத் தாடிக்காரரு?"

"தாடி இல்ல மொதலாளி. நம்ம நார்வே மொதலாளியே போயிட்டாரு."

பன்னிரண்டு வருஷமாக ராவுத்தருக்கு அந்தக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு கேட்டார்:

"எப்பவும்போல, கடைய அடைச்சிருந்தோம்னு எழுதிட்டீங்களா?"

"ஆமா மொதலாளி. பழக்கதோசம்."

"மேஸ்திரி! எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. கதவப் பூட்டுங்க, மத்தியானம் வரைக்கும்."

"மொதலாளி, சுண்ணாம்புத் தொட்டியில தோலு கெடக்குதே. நேரத்துக்கு எடுக்காட்டி வீணாப் போகும்."

"போகட்டும். எழுதிட்டாருய்யா. அடைச்சாத்தான அது நெசமாகும்?"

அந்த ஷாப்பு மத்தியானம் வரை உண்மையாகவே அடைத்துக் கிடந்தது அன்று ஒருநாள்தான். நாற்பது பேரும் வேப்பமரத்தடியில், யாருக்காக என்று சரியாகப் புரியாமல், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரைட்டர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்களுக்குக் குழப்பம் அதிகமானது. மத்தியானம் முதலாளி சாவியைக் குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஆர்டரும் பிறகு பழையபடி முழுசாக வந்தது. அது கடிதத்தாலா, சரக்கு ஒழுங்காகப் போனதாலா என்று எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வாரம் ரைட்டர் என் ஜன்னலுக்கு வரவில்லை. நார்வேக் கடிதம் ஒன்று மூன்று நாள் அப்படியே கிடந்தது. வரிசை என் மூக்கு வரைக்கும் நெருக்கியடித்து நின்றது. நாலாம் நாள் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. நூறுக்கு நாற்பத்து மூன்று பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் வாசலில் நின்றது நாலு பேர் இல்லை. தெருவே அடைத்துப் போகும் கூட்டம். திண்டுக்கல்லில் சாவு காணாத வீடு எது?

அந்தக் கம்பெனி விலாசம் எனக்கு மனப்பாடம். என் தபாலாபீஸ் இங்கிலீஷில் நார்வேக்கு நான் நாலு வரி எழுதிப் போட்டேன். பதில் எழுதியது அந்த முதலாளியின் மகன். "உங்கள் ஊர்ப் பெரியவர் காலமான சேதி அறிந்து மனம் பதறினோம். அன்னாருக்கு மரியாதையாக மத்தியானம் வரை எங்கள் கடையை அடைத்திருந்தோம்." அடைத்திருப்பார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

உறையில் யாரோ ஒரு தாடிக்காரர் இருந்தார். எழுத்தாளரா மந்திரியா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நெற்றிப் பொட்டில் கறுப்பு வட்டம். எழவுக் கடுதாசியைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. தெரியும். ஆனாலும் அது இத்தனை வருஷமாக என் வீட்டு மேசை இழுப்பறையில், உறையோடு, முழுசாக இருக்கிறது. என்னால் கிழிக்க முடியவில்லை அண்ணே.